சிவப்பு டேப், நீல டேப்

ஒரு வீட்டைக் காலி செய்யப் போனால், முதல் அறையைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிடும், இது வேலை மாற்றலா, வீட்டை விற்றுவிட்டார்களா, இல்லை விவாகரத்தா என்று. மாற்றல் என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். வீட்டை விற்றவர்கள் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார்கள். விவாகரத்து வீட்டில் மட்டும் அப்படி ஒரு மரியாதை இருக்கும். "இதை நீங்க எடுத்துக்கறீங்களா?" "இல்ல, பரவாயில்ல, நீங்களே வெச்சுக்கங்க." அந்தப் 'பரவாயில்ல' காதில் விழுந்ததுமே லாரியிலிருந்து இரண்டு நிற டேப்பையும் இறக்கச் சொல்லிவிடுவேன். சிவப்பு டேப் ஒட்டிய பெட்டிகள் ஒருவருக்கு, நீல டேப் ஒட்டியவை இன்னொருவருக்கு. எங்கள் கம்பெனியில் இது நான் கொண்டுவந்த ஏற்பாடு. பதினோரு வருஷத்தில் ஒரு கரண்டிகூட இடம் மாறிப் போனதில்லை.

இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எங்கள் குடும்பத்துக்குப் பெட்டி கட்டுவது கைவந்த கலை. அம்மாவின் அம்மா இரண்டு பிள்ளைகளோடு புருஷன் வீட்டை விட்டு வந்தவர். மாமா இரண்டு முறை கல்யாணம் கட்டினார், இரண்டு முறை பிரிந்தார். அம்மா கிளம்பியபோது எனக்கு ஒன்பது வயது. என் அக்கா கல்யாணமாகி ஏழாவது வருஷம் கிளம்பினாள். இதில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, குடித்துவிட்டு வந்து ரகளை செய்யவில்லை, இன்னொருத்தியோடு ஓடிப் போகவில்லை. சத்தமே கிடையாது. பெரியவர்களுக்குள் ஏதாவது பேச வேண்டியிருந்தால் பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். கதவு திறக்கும்போது முகங்கள் எல்லாம் சாதாரணமாக இருக்கும். இப்படிப் பத்துத் தடவை சாத்தித் திறந்த பிறகு, ஒரு நாள் திறக்கும்போது பெட்டி தயாராக இருக்கும். அக்கம்பக்கத்தில் எங்களுக்கு நாகரிகமான குடும்பம் என்று பெயர்.

அம்மா கிளம்பிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்தாள். அதைக் கைக்குட்டையின் நடுவில் வைத்துச் சுருட்டி, கடைசி முனையை உள்ளே செருகினாள். பிறகுதான் துணிகள். அவளுடைய அம்மாவும் பிரஷ்ஷைத்தான் முதலில் எடுத்தாளாம்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் குடும்பத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டால், அவள் திரும்பி வருவதற்காகப் பிறந்த வீட்டில் ஒரு அறை தயாராக இருக்கும். அம்மா இருப்பது ஒரே படுக்கையறை உள்ள வீடு. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலோடு இருக்கும் அந்த அறையை எனக்காக வைத்துவிட்டு, அவள் சமையலறைக்குப் போகும் நடையில் ஒரு ஒற்றைக் கட்டிலைப் போட்டுப் படுக்கிறாள். எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். எட்டு வருஷமாக மாதம் ஒரு முறை அந்த அறையில் விரிப்பு மாற்றுகிறாள்.

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவர். நாள் முழுக்க "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்தித் தொண்டை அப்படியே ஆகிவிட்டது. வீட்டில் உப்பு கேட்டால் மாடி வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். அவர் வீட்டில் எல்லோருமே அப்படித்தான். அவருடைய அப்பாவும் அம்மாவும் போன் பேசினால் போனே தேவையில்லை.

எங்கள் மகளுக்கு ஆறு வயது. எப்போதும் தன்னைவிடப் பெரிய எதையாவது இழுத்துக்கொண்டு திரிவதால் அவளை எறும்பு என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமை அவளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டியது அவர் முறை. மறந்துவிட்டார். வாட்ச்மேனின் நாற்காலிப் பக்கத்தில் நாற்பது நிமிஷம் நின்றிருக்கிறாள் பிள்ளை.

சனிக்கிழமை காலையில் அவரே ஆரம்பித்தார்.

"நேத்து நான் பண்ணது தப்புதான்."

"பரவாயில்ல," என்றேன்.

"என்ன பரவாயில்ல? குழந்தை நாப்பது நிமிஷம் ரோட்டைப் பாத்துட்டு நின்னிருக்கு. எனக்கே என்னை நாலு அறை விடணும்னு இருக்கு. உனக்குக் கோபமே வரலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. டிபன் எடுத்து வைக்கட்டுமா?"

"திட்டு! வாயைத் திறந்து திட்டித் தொலை!"

மேஜை மேலிருந்த டம்ளர் அதிர்ந்தது. எறும்பு நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் "பரவாயில்லைங்க" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு, அறைக்குள் போய் அலமாரியைத் திறந்து துணிகளை மடிக்க ஆரம்பித்தேன். வீட்டில் குரல் உயர்ந்தால் நான் துணி மடிப்பேன். சிலர் நகம் கடிப்பார்கள், எனக்கு இது என்றுதான் அன்றைக்கு வரை நினைத்திருந்தேன். மடிக்க மடிக்க மனசு தெளிந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று தோன்றியது. அழுகைகூட வரவில்லை.

அவர் கதவைப் படாரென்று சாத்திவிட்டு வேலைக்குப் போனார். சனிக்கிழமைகளில் எறும்பைப் பார்த்துக்கொள்ள அம்மா வருவாள். வந்தவளிடம் சமையலறையில் வைத்துச் சொன்னேன்.

"அம்மா, சாயந்திரம் நானும் எறும்பும் உன்கூடவே வந்துடறோம்."

அம்மா முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். எந்தச் செய்தியைக் கேட்டாலும் அவள் குரல் ஒரே மாதிரிதான் இருக்கும். ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தோளைத் தொட்டாள்.

"ரூம் ரெடியா இருக்கும்மா," என்றாள்.

அன்றைக்கு எங்களுக்கு வந்தது ஒரு வயதான தம்பதியின் வீடு. கணவர் பல் டாக்டர், மனைவி பூகோள டீச்சர், இருவரும் ஓய்வு பெற்றவர்கள். பெரிய வீட்டை விட்டு இரண்டு படுக்கையறைகள் உள்ள பிளாட்டுக்குப் போகிறார்கள். நாங்கள் உள்ளே நுழையும்போதே சண்டை நடந்துகொண்டிருந்தது. ஹால் நடுவில் டாக்டரின் பழைய நாற்காலி நின்றது. நோயாளியைச் சாய்த்துப் பல் பிடுங்குகிற அந்த இரும்பு நாற்காலிதான். அடியில் மிதிகட்டை, மிதித்தால் உயரும்.

"இது அங்க எதுக்கு?" என்றார் டீச்சர். "பல்லு புடுங்கவா? நமக்கே மீதி எத்தனை இருக்கு?"

"முப்பத்தெட்டு வருஷம் சோறு போட்ட நாற்காலி."

"சோறு நான் போட்டேன்!"

"நாற்காலி வந்தாதான் நான் வருவேன்."

"அது வந்தா நான் வரமாட்டேன். சொல்லிட்டேன், அவ்வளவுதான்!"

என் ஆட்கள் நால்வரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இவ்வளவு சத்தமாக, வேற்று ஆட்கள் முன்னால், வரமாட்டேன் என்று ஒரு பெண் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு என்ன இருக்கிறது? பாவம், இந்த வயதில் என்று நினைத்துக்கொண்டேன். அவர்களிடம் கேட்டுப் புண்ணைக் கிளறாமல், ஒரே பிளாட்டில் ஆளுக்கு ஓர் அறையாகப் பிரியப் போகிறார்கள் என்று நானே முடிவெடுத்தேன். பதினோரு வருஷ அனுபவம், கூடவே பரம்பரைப் புத்தி.

"ரெண்டு டேப்பையும் எடுங்க," என்றேன்.

இருவரும் அந்தப் பக்கம் நாற்காலிக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் நான் அந்தக் குடும்பத்தை நேர்த்தியாக இரண்டாகப் பிரித்தேன். டாக்டருக்குச் சிவப்பு, டீச்சருக்கு நீலம். ஆறு கப்பில் மூன்று மூன்று. கட்டிலுக்குச் சிவப்பு, மெத்தைக்கு நீலம். அடுப்பு ஒருவருக்கு, பாத்திரங்கள் ஒருவருக்கு. மருந்து டப்பாவைக்கூடத் திறந்து, சீட்டில் பெயர் பார்த்துப் பிரித்தேன். மதியத்துக்குள் முடித்துவிட்டோம். அவ்வளவு சுத்தமான வேலை.

புதிய பிளாட் மூன்றாவது மாடி. சிவப்புப் பெட்டிகளை ஒரு படுக்கையறையிலும் நீலப் பெட்டிகளை இன்னொன்றிலும் அடுக்க வைத்தேன். நாற்காலி கடைசி நிமிஷத்தில் லாரியில் ஏறியிருந்தது. எந்த அறைக் கதவிலும் நுழையாததால் ஹாலில் ஜன்னலோரம் நின்றது. டாக்டரும் டீச்சரும் பின்னாலேயே டாக்ஸியில் வந்து இறங்கினார்கள், லிப்டிலும் சண்டை போட்டுக்கொண்டு.

"முதல்ல டீ," என்றார் டீச்சர்.

டீத்தூள் நீலத்தில் இருந்தது. கெட்டில் சிவப்பில். சர்க்கரை நீலம், கரண்டி சிவப்பு. அவர் மூன்று பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, என் கப்புல மூணுதான் இருக்கு. மீதி எங்க?"

"அது சாரோட ரூம்ல இருக்கு மேடம்."

"எந்த சார்?"

"உங்க... டாக்டர் சார். பிரிஞ்சு இருக்கப் போறீங்கன்னு... அதான் எல்லாத்தையும் ரெண்டா..."

அந்தத் தம்பதி அன்றைக்கு முதல்முறையாக வாயடைத்து நின்றார்கள். சிவப்புப் பெட்டிகளையும் நீலப் பெட்டிகளையும் பார்த்தார்கள். ஓர் அறையில் கட்டிலும் இன்னோர் அறையில் மெத்தையும் இருப்பதைப் பார்த்தார்கள். பிறகு டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"உனக்கு மெத்தை, எனக்குக் கட்டில்!"

"சிரிக்காதீங்க," என்றார் டீச்சர். "எல்லாம் உங்க நாற்காலியால வந்தது." என்னைப் பார்த்து, "யாரும்மா உனக்குச் சொன்னது?" என்றார்.

"நீங்கதான் மேடம். வரமாட்டேன்னு சொன்னீங்க."

"நான் நாப்பத்தோரு வருஷமா சொல்றேன்!"

பெட்டிகளைத் திரும்பப் பிரித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மண்டி போட்டு டேப்பைக் கிழிக்க ஆரம்பித்தேன். அவர்கள் என்னை மறந்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். இந்த இரும்பு இங்கே நின்றால் வழி எங்கே இருக்கிறது, ஜன்னலை எப்படித் திறப்பது, உங்களோடு மனுஷி இருப்பாளா. பேசிப் பேசி டீச்சருக்கு மூச்சு வாங்கியது. உட்கார இடம் தேடினார். சோபா, நாற்காலிகள் எல்லாம் நீல டேப்பில் கட்டப்பட்டு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. வேறு வழியில்லாமல், முணுமுணுத்துக்கொண்டே, அந்தப் பல் டாக்டர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

உட்கார்ந்தால் ஜன்னலின் கீழ்ச்சுவர் சாலையை மறைத்தது. வெறும் வானம்தான் தெரிந்திருக்கும். டாக்டர் அதைப் பார்த்தார். பின்னால் போய் நின்று மிதிகட்டையை மிதித்தார். நாற்காலி ஒரு முனகலோடு கொஞ்சம் உயர்ந்தது. இன்னொரு மிதி. இன்னொன்று. டீச்சர் ஜன்னலுக்கு வெளியே கீழே போகிற சாலையையும், எதிர்க் கட்டடத்தில் துணி காயப் போடுகிற பெண்ணையும் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல," என்றார்.

மிதித்தார்.

"போதும்."

அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, சமாதானம் இல்லை, யார் பக்கம் நியாயம் என்ற பேச்சில்லை. டாக்டர் சிவப்புப் பெட்டியிலிருந்து கெட்டிலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், "சர்க்கரை போடவா வேண்டாமா?" என்று கத்தினார். "போடாம குடிப்பேனா?" என்று டீச்சர் கத்தினார். என் கையில் பாதி கிழித்த டேப் அப்படியே இருந்தது. முப்பத்தாறு வயதில், ஒரு சண்டை முடிவதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். சண்டை முடியும் என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அது கதவுக்குப் பின்னால் நடந்தது. முடியாத சண்டைகளின் பெட்டியை மட்டும்தான் எங்கள் கண்ணில் காட்டினார்கள், முடிந்த சண்டைகள் நடந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவுக்கும் அவளுடைய அம்மா அதைத்தான் காட்டியிருப்பாள். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்ற ஒரே நல்லெண்ணத்தில், இவ்வளவு அன்போடு, இவ்வளவு கவனமாக, ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு இதைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. கூடவே விரிப்பு மாற்றிய ஒரு அறையையும் கொடுத்திருக்கிறது. நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சோபா விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எறும்பு. அவள் காலடியில் ஸ்கூல் பை உப்பிப் போய் நின்றது.

"இது என்னடி?"

"நான் ரெடி," என்றாள் எறும்பு. "எப்பப் போறோம்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். "நான் ஒண்ணும் சொல்லலை. நான் குளிச்சிட்டு வரதுக்குள்ள அவளே எடுத்து வெச்சுட்டா."

பையைத் திறந்தேன். யூனிபார்ம் ஒன்று, பச்சைத் தவளை பொம்மை, கலர் பென்சில் டப்பா. எல்லாவற்றுக்கும் மேல் கைக்குட்டையில் சுருட்டிய அவளுடைய குட்டி பிரஷ். கடைசி முனை உள்ளே செருகியிருந்தது.

இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் இந்த எட்டு வருஷத்தில் இரண்டு முறை என் பிரஷ்ஷை அப்படிச் சுருட்டியிருக்கிறேன். இரண்டு முறையும் பிரித்து டம்ளரிலேயே திரும்ப வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

"போறோம்னு உனக்கு யாரு சொன்னா?"

"அப்பா கத்தினாரு. நீ பரவாயில்லன்னு சொன்ன. அப்புறம் துணி மடிச்ச." இரண்டும் இரண்டும் நாலு என்று சொல்வது போலச் சொன்னாள். முகத்தில் ஒரு கலக்கம் இல்லை. ஒன்பது வயதில் நானும் இப்படித்தான் நின்றிருப்பேன், சமத்துப் பிள்ளையாக.

வாசலில் அவருடைய சாவிச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் அம்மாவின் கைப்பையைப் பார்த்தார், ஸ்கூல் பையைப் பார்த்தார். அவருடைய பெரிய குரல் எங்கோ போய்விட்டது.

"கிளம்பிட்டியா?" என்றார் மெதுவாக.

சண்டை போட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"நாப்பது நிமிஷம்," என்றேன். "நாப்பது நிமிஷம் என் பிள்ளை நின்னிருக்கா. நீ எங்க போய்த் தொலைஞ்ச?"

எட்டு வருஷத்தில் முதல்முறையாக அவரை 'நீ' என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக, கீச்சென்று கேட்டது. அம்மா சட்டென்று எழுந்து எறும்பின் கையைப் பிடித்தாள். "வாடா கண்ணு, நாம உள்ள போலாம்."

"வேண்டாம்மா," என்றேன். "அவ இங்கயே இருக்கட்டும். நீயும் உக்காரு."

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள். ஆனால் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு அழகாக ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமையில் ஆரம்பித்து, எட்டு வருஷத்துப் பாக்கியையும் கொட்டினேன். எறும்பு பிறந்த அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரிக்கு லேட்டாக வந்தது, ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது, என் வேலையைப் 'பெட்டி தூக்கற வேலை' என்று தன் அண்ணனிடம் சொன்னது. அவரும் சும்மா இருக்கவில்லை. மாடி வீட்டு நாய் குரைத்தது.

"உனக்கு மட்டும்தான் குறை இருக்கா?" என்று கத்தினார். "எட்டு வருஷமா நீ என்னை ஒரு வார்த்தை திட்டினதில்ல. உன் வீட்ல யாரும் திட்டமாட்டாங்க, கிளம்பிடுவாங்க, அதான் எனக்குத் தெரியுமே! தினம் சாயந்திரம் வந்ததும் முதல்ல வாசல்ல உன் செருப்பு இருக்கான்னுதான் பாப்பேன். தெரியுமா உனக்கு? எட்டு வருஷமா..."

அங்கே அவருக்கு விக்கல் வந்துவிட்டது. ரொம்ப நேரம் கத்தினால் வரும். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் ஹிக், ஹிக் என்று நின்றார். நான் திட்டிக்கொண்டேதான் சமையலறைக்குப் போனேன், திட்டிக்கொண்டேதான் தண்ணீர் பிடித்தேன், "இதைக்கூட ஒழுங்கா முடிக்கத் தெரியல" என்று சொல்லிக்கொண்டேதான் கையில் கொடுத்தேன். அவர் ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது என் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை யாரு கூட்டிட்டு வர்றது?" என்றேன்.

"நான்தான்."

"மறந்தா?"

"மறந்தா திட்டு."

எறும்பு எங்கள் இருவர் முகத்தையும் உற்றுப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

"அப்ப நாம போகலையா?"

"போகலை."

கொஞ்சம் ஏமாற்றம்தான் அவளுக்கு, அவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டிய பை. பிரஷ்ஷை எடுத்து, கைக்குட்டையை உதறிவிட்டு, குளியலறைக்கு ஓடினாள். டம்ளரில் அது விழுகிற சத்தம் ஹால் வரை கேட்டது.

அம்மா இன்னும் சோபா விளிம்பில்தான் இருந்தாள். அறுபத்து நாலு வயது. என் கையிலிருந்த காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

நான் டம்ளரை மேஜை மேல் வைத்தேன்.

"இவ்வளவுதானா இது?" என்று மறுபடியும் கேட்டாள். அந்த டெலிபோன் குரல் முதல்முறையாக நடுவில் உடைந்தது. யாரிடம் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்றே எங்களுக்குத் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் எங்கள் எல்லோருக்கும் டீ போடப் போனார்.

டீ குடித்த பிறகு அம்மா கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, போகாமல் நின்றாள்.

"அந்த ரூம்..." என்றாள்.

"சொல்லும்மா."

"இனிமே நான் அதுல படுத்துக்கறேன். நல்ல பெரிய ஜன்னல்."